தகரக் கழுதை

ஒண்ணு போடு, ஒண்ணு விடு, நாலு போடு. இவுக உதடு அசையுது. சத்தம் வரலை, ஆனா எனக்குக் கேக்குது, கலியாணம் ஆன நாள்லேருந்து இந்த உதட்டைத்தானே பாத்துக்கிட்டு இருக்கேன், கேக்காம எங்க போகும். மேசை மேல பழைய தரைவிரிப்பை வெட்டி ஆணி அடிச்சிருக்காக. அது மேல இவுகளோட ரெண்டு ரிவால்வர், ஒரு ரைஃபிள், எல்லாக் குழலும் மண்மேட்டைப் பாத்து. அடுத்து சுட வேண்டிய ஆளு முன்னால நிக்கிற ஆளோட கையைப் பாக்கணும், அது இந்த கவ்பாய் துப்பாக்கி கிளப்புல சட்டம். இன்னிக்கு அடுத்த ஆளு நான். அதனால நான்தான் பாக்கணும். என்னத்தைப் பாக்கணும்? ஆறு குழி இருக்கிற சிலிண்டர்ல அஞ்சு குண்டுதான் போடணும், குண்டைத் தட்டி வெடிக்க வைக்கிற ஹேமர் காலியா விட்ட குழி மேல உக்காரணும், அவ்வளவுதான். பழைய மாடல் துப்பாக்கி இது. ஹேமர் குண்டு மேல உக்காந்திருந்து, துப்பாக்கி கை தவறி விழுந்துட்டா, இடுப்புல பலமா இடிபட்டாக்கூட, வெடிச்சிரும். தொடையில, முட்டுல, இல்லைன்னா பக்கத்துல நிக்கிறவன் வயித்துல. அதுக்காகத்தான் ரெண்டு பேரு கண்ணு வேணும்னு வச்சிருக்காக, சுடுறவர் கண்ணு, பாக்கிறவர் கண்ணு. இவுக கண்ணை நம்ப முடியாமப் போயி கொஞ்ச நாளாச்சு. அதை இவுககிட்ட சொல்ல எனக்கு இன்னும் வாய் வரலை.

முதல் ரிவால்வரை எடுக்காக. விரலு நடுங்கலை. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல், கை நடுங்கினாலாவது அதைக் காரணம் காட்டி வீட்டுல உக்கார வைக்கலாம். வால்வு கம்பெனியில இன்ஸ்பெக்டரா இருந்த கை, தலைமுடி கனம் பிசகினாலும் சாக்பீசால பெருக்கல்குறி போட்டு ஒதுக்கி வச்ச கை. ஒண்ணு போட்டாச்சு. ஒரு குழியை விட்டுச் சுத்தியாச்சு. அப்புறம் நாலு. ஹேமரை முழுசா இழுத்து, பெருவிரலால பிடிச்சபடியே இறக்குதாக, தூங்குற பிள்ளையைத் தொட்டில்ல போடுற மாதிரி. என்னைப் பாக்காக. நான் தலையை ஆட்டுதேன். இடுப்பு உறையில வச்சாச்சு. ஒண்ணு முடிஞ்சுது, ஆண்டவரே. இன்னும் ஒண்ணு இருக்கு. ரைஃபிளுக்கு முதல்லயே போட்டாச்சு. ரைஃபிள்ல கவலை இல்லை, அதுல விடுறதுக்குக் குழி கிடையாது.

என்ன வெயிலு. நம்மூர் வெயில் தலையில அடிக்கும், இந்த டெக்சாஸ் வெயில் கீழே கிடக்கிற சரளைக்கல்லுலேருந்து ஏறி வருது, பாவாடைக்குள்ள புகுந்து இடுப்பு வரைக்கும் வேகுது. சுங்குடிச் சேலையை வெட்டித் தச்ச பாவாடை. இந்த விளையாட்டுக்கு வந்தா நூத்தம்பது வருசத்துக்கு முன்னால இருந்த ஆளு கணக்கா உடுத்தணும், ஒரு புனைபேரும் வச்சுக்கணும். இவுக போட்டிருக்கிற கையில்லாத கோட்டுக்கு அளவை பாளையங்கோட்டை டெய்லருக்கு அனுப்பினோம், அவன் போன் போட்டு, “யம்மா, கிறிஸ்மஸ் நாடகமா? சாரு ஏரோது ராஜாவா வாறாகளா?”ன்னு கேட்டான். கவ்பாய்னு சொன்னதும் அளவை இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். இவுக பேரு ஞானதுரை, இங்க பாளையங்கோட்டை கிட். இவங்களுக்கு யாருக்கும் அது வாயில நுழையலை, பாளைன்னு சுருக்கிட்டாங்க. நான் எப்சிபா, எனக்கு ‘சுக்கு காப்பி’ன்னு நானே வச்சுக்கிட்டேன். அர்த்தம் கேட்டவங்ககிட்ட, எரியும், ஆனா நல்லதுக்குத்தான்னு சொல்லி வச்சிருக்கேன். டைமரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரே ரஸ்டி, அவரு முழுப்பேரு ரஸ்டி ஹின்ஜ், துருப்பிடிச்ச கீல்னு அர்த்தமாம். ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவரு, முட்டி ரெண்டும் போச்சு, நடந்தா நெசமாவே கீல் மாதிரி கிறீச்சுங்கும். ரிட்டயர் ஆனப்புறம் இவுக வீட்டுல கூண்டுல அடைச்ச மாதிரி சுத்திக்கிட்டு இருந்தாக, குக்கர் வாஷரைக்கூட ஸ்கேல் வச்சு அளந்தாக, எங்க தெருக்காரரு இந்த ரஸ்டிதான் ஒருநாள் வாங்கய்யா வெளியன்னு கூட்டிட்டு வந்தாரு. முதல் நாளு இரும்புத் தட்டுல குண்டு பட்டு ‘டங்’குன்னு கேட்டதும் இவுக முகத்தைப் பாக்கணுமே. காலேஜ்ல என்.சி.சி. ரைஃபிள் கோப்பை வாங்கினப்ப எடுத்த போட்டோவுல இருந்த முகம். அந்த முகம் எங்கயும் தொலைஞ்சு போகலை, இத்தனை வருசமும் உள்ளதான் இருந்திருக்கு. அதுக்காகத்தான் நானும் கூட வந்தேன். வெடிச்சத்தம் எனக்குப் பிடிக்காது, இன்னிக்கு வரைக்கும் பிடிக்கலை.

இவுகளுக்கு முந்தின முறைக்காரன் சுடப் போறான். பலகையில மதுக்கடை மாதிரி பெயிண்ட் அடிச்சு ஒரு சுவரு, அதுல ஒரு ஜன்னலு, அதுக்கு அந்தப் பக்கம் அஞ்சு இரும்புத் தட்டு. ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒரு கதை சொல்லுவாங்க, சுடறதுக்கு முன்னால சுடறவன் ஒரு வசனம் பேசணும், பேசினாத்தான் டைமர் அடிக்கும். இந்த ரவுண்டுல ஊரை விட்டுப் போயிருன்னு ஷெரீப் சொல்லிட்டாராம், நாம “நான் எங்கயும் போறதா இல்லை”ன்னு சொல்லணும். ஒருத்தன் உறுமுதான், ஒருத்தி பாட்டா இழுக்கா, சிரிச்சுச் சிரிச்சு மாளலை இவங்களுக்கு. அப்புறம் பீப், அப்புறம் டங் டங் டங். இடது ஓரத்துலேருந்து வலது ஓரத்துக்கு, ரெண்டாவது துப்பாக்கிக்கும் திரும்ப இடதுலேருந்து. வரிசை மாறிச் சுட்டா பத்து செகண்டு தண்டம். தண்டத்தோட ஒரு தகரக் கழுதையும் உண்டு, உள்ளங்கை அளவு, காது ஒண்ணு வளைஞ்சது, அதைச் சட்டையில குத்திவிட்டுருவாங்க. அடுத்து வேற யாராவது வரிசை தப்புற வரைக்கும் சுமக்கணும். எல்லாரும் சுமந்திருக்காங்க, ரஸ்டி நாலஞ்சு தடவை சுமந்திருக்காரு. நான் மட்டும் சுமந்ததில்லை. நர்ஸ் வேலை பாத்தவ, எந்த மாத்திரை எப்பன்னு தெரியாம மாத்திக் குடுத்தா ஒரு உசுரு போயிரும்னு பழகினவ, எனக்கு வரிசை தப்பாது. இவுக ஏப்ரல்ல அந்தக் கழுதையை வாங்கினாக. மே மாசம் வேற ஒருத்தன்கிட்ட போயிட்டு, சாயங்காலமே இவுககிட்ட திரும்பி வந்திருச்சு. ஜூன்லயும் இவுகதான், ஜூலையிலயும் இவுகதான். எல்லாருக்கும் ஒரே சிரிப்பு, பாளைக்கும் கழுதைக்கும் கலியாணமே பண்ணி வச்சிரலாம்னு சொன்னாங்க, இவுகளும் கூடச் சேந்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாக. இங்க மறதி ஒரு தமாசு. வயசானவங்க கூடிக் கூத்தடிக்கிற இடம்தானே, எவன் மறந்தா என்ன. நானும் சிரிச்சேன். ஜூலையில வீட்டுக்குத் திரும்புறோம், கார் நான் ஓட்டுதேன், இப்பல்லாம் நான்தான் ஓட்டுதேன், இவுக அந்தத் தகரத்தைத் தடவித் தடவிப் பாத்துக்கிட்டே வந்தாக, அப்புறம் மெதுவா, “ஏளா, இதை யாரு எனக்குக் குத்தினா?”ன்னு கேட்டாக. நான் சிக்னல்ல பச்சை விழுந்தும் நின்னுக்கிட்டே இருந்தேன். பின்னால வந்தவன் ஹாரன் அடிச்சான்.

அதுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சுதுதான், வேணாம்னு தள்ளி வச்சேன். ராத்திரி குடும்ப ஜெபத்துல இவுக ஒரு ஆளு விடமாட்டாக. மக செரினு, மருமகன், பேத்தி, என் தம்பி குடும்பம், இவுக அக்கா பிள்ளைக, அதுகளோட பிள்ளைக, பாளையங்கோட்டையில பக்கத்து வீட்டுல வாத நோயில கிடக்கிற பாக்கியத்தாய், எல்லாரையும் பேரு பேராச் சொல்லி ஆசீர்வதிக்கச் சொல்லுவாக. சோறு ஆறிப்போயிரும். ஆண்டவருக்கு இவங்க எல்லாரையும் தெரியாதாக்கும், சுருக்கா முடிங்கன்னு எத்தனை நாள் ஏசியிருக்கேன். போன வருசக் கடைசியிலேருந்து சுருக்காத்தான் முடிக்காக. “எல்லாரையும் ஆசீர்வதியும்.” அவ்வளவுதான், ஆமென். முதல் நாளு சந்தோசமா இருந்துச்சு, ரசம் சூடா இருந்துச்சு. அப்புறம் ஒருநாள் கண்ணை மூடி உக்காந்திருக்கிறப்ப, எல்லாரையும்ங்கிற அந்த வார்த்தைக்கு முன்னால ஒரு நிறுத்தம் விழுந்துச்சு. அந்த நிறுத்தத்துல இவுக தேடுதாக. செரினு வரைக்கும் வந்துச்சு, அதுக்கப்புறம் ஒண்ணும் வரலை. நான் கண்ணைத் திறந்து பாத்தேன், இவுக நெத்தி சுருங்கி இருந்துச்சு, கணக்கு வராத பள்ளிக்கூடத்துப் பையன் நெத்தி. செரினு போன்ல, “அப்பா இன்னும் துப்பாக்கியைத் தூக்கிட்டு அலையுதாகளா”ன்னு கேக்கா, நான் ஆமாங்கேன், அவ சிரிக்கா. அவளுக்குச் சொல்லலை. சொன்னா முதல்ல துப்பாக்கியைப் பிடுங்குவா, அப்புறம் கார்ச்சாவி, அப்புறம் என்னவெல்லாமோ, எனக்குத் தெரியாததா. கடைசி ஆறு வருசம் நான் வேலை பாத்தது மறதி நோய்க்காரங்க வார்டுலதான். கதவுக்கு நம்பர் போட்ட பூட்டு. ஒரு அம்மா தினமும் வீட்டுக்காரரைப் பாக்க வருவா, வந்து, “நான் உங்க பக்கத்து வீட்டுக்காரி”ன்னு சொல்லித்தான் உக்காருவா. பொண்டாட்டின்னு சொன்னா அவரு கோவப்படுவாரு, என் பொண்டாட்டி சின்னப் பொண்ணு, நீ யாரும்பாரு. அந்த அம்மாகிட்ட நான் ஒருநாள், எப்படிம்மா தாங்குதீங்கன்னு கேட்டேன். முதல்ல தினமும் அழுதேன், அப்புறம் நல்ல பக்கத்து வீட்டுக்காரியா இருப்போம்னு முடிவு பண்ணினேன்னு சொன்னா. நான் அவளுக்குக் காப்பி போட்டுக் குடுத்தேன். அவ கதை அவ கதைன்னு நினைச்சேன், என் வீட்டுக்கு வராதுன்னு ஒரு திமிரு. இவுக என்னை நீ யாருன்னு கேப்பாகளா? கேட்டா நான் என்ன சொல்லுவேன்? சுக்கு காப்பின்னு சொல்லுவேனா? சிரிப்பு வருது, கண்ணுல தண்ணியும் வருது, மண்ணு பறந்து விழுந்துட்டுன்னு சொல்லிக்கிடலாம்.

டப். தோலு உறையில துப்பாக்கி இறங்கின சத்தம். நான் நிமிந்து பாக்கேன். ரெண்டாவது ரிவால்வர் இவுக இடது இடுப்புல இருக்கு. மேசையில ரைஃபிள் மட்டும் கிடக்கு. குண்டுப் பெட்டியில அஞ்சு குழி காலியா இருக்கா, ஆறா? போன ரவுண்டுக்கும் ரைஃபிளுக்கும் அதுலேருந்துதான் எடுத்தாக, அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நான் பாக்கலை. ஐயோ, நான் பாக்கவே இல்லை. ஒண்ணு விட்டாகளா, விடலையா, ஹேமரு எது மேல உக்காந்திருக்கு, எனக்குத் தெரியாது. இவுக மறதியைப் பத்தி நினைச்சுக்கிட்டே நான் கண்ணைத் திறந்து வச்சுத் தூங்கியிருக்கேன். இவுக என்னைப் பாத்து, “சரியா?”ங்காக. தலையை ஆட்டினா முடிஞ்சுபோச்சு. அநேகமா சரியாத்தான் போட்டிருப்பாக. பத்துல ஒம்பது தடவை சரியாத்தான் போடுதாக. திரும்ப எடுங்கன்னு சொன்னா ஏன்னு கேப்பாக, ஏன்னு கேட்டா என் முகத்துல எழுதி ஒட்டியிருக்கும். இவுக முகத்துல அந்த என்.சி.சி. போட்டோ இருக்கு இப்ப. அதை நானா அழிக்கணும்? ரஸ்டி அங்கேருந்து, “பாளை, உங்க முறைதான், சீக்கிரம் வாங்க”ங்காரு. ரஸ்டிக்குப் பக்கத்துல தட்டுல குண்டு படுறதை எண்ணுறதுக்கு மூணு பேரு நிக்காங்க, ஒருத்திக்கு அடுத்த மாசம் பேரன் பிறக்கப் போறான். “எப்சி, சரியாளா?” மறுபடியும் கேக்காக.

“நான் பாக்கலை”ன்னு சொன்னேன். “என்னத்தைப் பாக்கலை?” “ரெண்டாவதை. எங்கயோ யோசனையில இருந்துட்டேன். திரும்ப மேசையில எடுங்க.” இவுகளுக்குக் கோவம் வந்துச்சு, மூக்கு நுனியில தெரியும். “நீ பாக்கலைன்னா என்ன, நான்தான் போட்டேன்லா.” “போட்டீய. ஒண்ணு விட்டீயளா?” “விடாம பின்ன?” “விட்டது ஞாபகம் இருக்கா?” கேக்கணும்னு நினைக்கலை, வாயிலேருந்து விழுந்துட்டு. இவுக மண்மேட்டைப் பாத்தாக, அதுக்கு மேல ஒரு பிணந்தின்னிக் கழுகு சும்மா சுத்திக்கிட்டு கிடந்துச்சு, அதைப் பாத்தாக. ராத்திரி ஜெபத்துல விழுதே அந்த நிறுத்தம், அது இப்ப பட்டப்பகல்ல, கண்ணு திறந்திருக்கிறப்ப விழுந்துச்சு. அப்புறம் சொன்னாக, “தெரியலை, எப்சி.” இடது உறையைக் குனிஞ்சு பாத்துக்கிட்டே மறுபடியும் சொன்னாக. “முதல்ல போட்டது ஞாபகம் இருக்கு. இதை மேசையிலேருந்து எடுத்ததே ஞாபகம் இல்லை. உறையில இருக்கதைப் பாத்துத்தான், போட்டிருக்கோம்போலன்னு நினைச்சேன்.” என் கையை இவுக முழங்கை மேல வச்சேன், அந்த ரெண்டாவது துப்பாக்கி இல்லாத பக்கம். இவுக மெதுவா அதை உருவி, குழலை மேட்டைப் பாத்துப் பிடிச்சு, ஹேமரைப் பாதி இழுத்து, பக்கத்துல இருக்கிற மூடியைத் திறந்து, சிலிண்டரை ஒவ்வொரு கிளிக்கா சுத்தினாக, குழிக்குக் குழி குண்டு தெரியுதான்னு பாத்து. பித்தளை. பித்தளை. பித்தளை. ரெண்டு பேரு தலையும் ஒட்டிக் குனிஞ்சு பாக்கோம். எல்லாம் இருக்க வேண்டிய இடத்துல இருக்கு. காலிக்குழி ஹேமருக்குக் கீழதான் இருந்திருக்கு. “சரியாத்தான் இருக்கு”ன்னு சொல்லுதேன், சிரிக்கேன், எனக்கு உசுரு திரும்பி வந்த மாதிரி. இவுக சிரிக்கலை. “தப்பா இருந்திருந்தா கவனக்குறைவுன்னு சொல்லியிருப்பேன், எப்சி. சரியா இருக்கே. யாரு போட்டா இதை?” “உங்க கைதான் போட்டிருக்கு, பழக்கம்.” “கை போட்டா போதுமா?” இன்ஸ்பெக்டர் குரல். எத்தனையோ வருசம் கழிச்சு அந்தக் குரலைக் கேக்கேன். “செஞ்சது எனக்குத் தெரியாது, ஆனா சரியா இருக்குன்னு ஒருத்தன் சொன்னா, அவனை நான் மிசினுகிட்டயே விடமாட்டேன்.” குண்டுகளை ஒண்ணொண்ணா வெளிய எடுத்து விரிப்புல நிப்பாட்டி வச்சாக. அந்தத் துப்பாக்கி, இந்தத் துப்பாக்கி, ரைஃபிள், எல்லாம். என்னைக் காட்டச் சொல்லிக் காட்டினாக, காலின்னு நான் சொன்னப்புறம் கீழ வச்சாக. “உனக்கு எப்பலேருந்து தெரியும்?” “ஜெபத்துலேருந்து.” தலையை ஆட்டினாக. “எனக்கும் அப்பலேருந்துதான்.” அட பாவி மனுசா, ஒரே மேசையில எதிரும் புதிருமா உக்காந்து ரெண்டு பேரும் ரசத்தைக் குடிச்சுக்கிட்டு ஒளிச்சு வச்சிருக்கோம். “திங்கக்கிழமை டாக்டருக்குப் போன் போடுவோம்”ன்னாக. போடுவோம்னு சொன்னேன். ரஸ்டி மறுபடியும் கூப்பிட்டாரு. இவுக கையைத் தூக்கி, இந்த ரவுண்டு நான் இல்லைன்னு சொன்னாக. “என்ன பாளை, பயமா?”ன்னு அங்கேருந்து ஒரு சிரிப்பு. “ஆமா”ன்னு இவுக சொன்னாக, சாதாரணமா, மழை வருதான்னு கேட்டா ஆமான்னு சொல்ற மாதிரி. ரஸ்டி டைமரைக் கீழ இறக்கினாரு.

இப்ப என் முறை. நான் போடுறதை யாராவது பாக்கணும். இவுக நகரலை, அங்கயே நிக்காக. “போடு, நான் பாக்கேன்.” ஒண்ணு போடுன்னு வாய்விட்டுச் சொல்லுதாக, போட்டேன். ஒண்ணு விடு, விட்டேன். நாலு. ரெண்டாவது ரிவால்வருக்கும் அப்படியே, ஒரு தடவைகூடத் தப்பலை, கண்ணு என் விரலை விட்டு அசையலை, இவ்வளவு நல்லா என்னை யாரும் பாத்ததில்லை. சரின்னு சொன்னாக. பாவாடையை ஒரு கையால தூக்கிக்கிட்டு ஜன்னலுக்கு முன்னால போய் நின்னேன். எனக்கு முதுகுக்குப் பின்னால இவுக நிக்காக, அந்தக் கோட்டுல கழுதை வெயில்ல மின்னும், பாக்காமலே தெரியும். இனிமே இவுக சுட வரப்போறதில்லை. அப்ப அந்தக் கழுதையை யாரு எடுப்பா? அடுத்தவன் தப்பினாத்தான் கை மாறும், இன்னிக்கு யாரும் தப்பலைன்னா? இனி வராதவன்கிட்டேருந்து தானாப் போகாது, அது பாட்டுக்கு இவுக நெஞ்சிலயே கிடக்கும், நாளைக்கு அலமாரியில தொங்கும், ஒருநாள் அதை எடுத்துப் பாத்து யாரு குத்தினான்னு என்னையே கேப்பாக. வசனத்தைச் சொல்லும்மான்னு ரஸ்டி சொன்னாரு. இங்கிலீசுல சொன்னேன், கேக்கலைன்னாரு. பாதி திரும்பி, தமிழ்ல சொன்னேன், “நான் எங்கயும் போறதா இல்லை.” ரஸ்டிக்கு என்ன புரிஞ்சுதோ, கொஞ்சம் தயங்கித்தான் பட்டனை அமுக்கினாரு. பீப். இடது ஓரத்துத் தட்டு எனக்கு நேரா இருந்துச்சு. எனக்கு வரிசை நல்லாத் தெரியும். வலது ஓரத்துலேருந்து ஆரம்பிச்சேன். டங். பின்னால ஒரு கூச்சல், டங், சுக்கு காப்பி, சுக்கு காப்பி தப்பிட்டா, டங், யாரோ தொப்பியைத் தூக்கி எறியுதான், டங், டங். எல்லாத் துப்பாக்கியையும் முழுக்க வலதுலேருந்து இடதுக்கு, ஒண்ணு விடாமத் தப்பாச் சுட்டு முடிச்சேன். துப்பாக்கி எல்லாம் காலின்னு காட்டி வச்சுட்டுத் திரும்பினா, இவுக நிக்காக, கோட்டுலேருந்து கழுதையைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு. சிரிப்பு அடங்கலை சுத்தி. இவுக கிட்ட வந்து என் தோள்பட்டைத் துணியை விரலால இழுத்துப் பிடிச்சாக. “வேணும்னுதான செஞ்ச.” “இல்லை, மறந்துட்டேன்.” “நீ மறக்கிறவ இல்லை”ன்னு சொன்னாக. “அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.” ஊக்கு லேசாத் தோலுல குத்துச்சு. இவுக குத்தி முடிக்கிற வரைக்கும் அசையாம நின்னேன்.